யார் கூற்று? – மென்பொருள் வரைபும் மறைந்து நிற்கும் ஆசிரியனும்

1

நமது காலத்தில் ஒரு கருத்தை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்ட விரும்புவோர் நாடும் வடிவம் எதுவென வினவினால், கவிதையோ நாவலோ கட்டுரையோ அன்று, புள்ளிவிபர வரைபே என்றுதான் விடையிறுக்க வேண்டியிருக்கும். அமைச்சின் அறிக்கை, வங்கியின் ஆண்டறிக்கை, நாளிதழின் முதற்பக்கம், பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடு ஆகிய யாவற்றிலும் இன்று கோடுகளும் சலாகைகளும் வட்டங்களும் இடம்பெறுகின்றன. சொற்களில் எழுதப்பட்ட கூற்றோடு வாதாடத் தயங்காத வாசகர், வரையப்பட்ட கூற்றின் முன் வாதாடுவதில்லை. பார்த்து, ஏற்று, அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகின்றனர். இந்த இணக்கம் எவ்வாறு உண்டாகிறது என்பது இலக்கிய விமரிசகர் ஆராயவேண்டிய வினாவாகும். இதனைப் புள்ளிவிபரவியலாளரின் தனியுடைமை எனக் கருதி நாம் ஒதுங்கி நிற்பது முறையன்று.

வரைபும் ஒரு பனுவலே. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புகளை வகுக்குமிடத்து எழுத்து, அசை, சீர் முதலியவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம் என்பவற்றையும் உறுப்புகளாகக் கொள்ளும். அகப்பாடல் ஒன்றைப் பயில்வோர் அது தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா என்று தெளியாமல் பொருள்கொள்ளப் புகுவதில்லை. கூற்று மாறின் பொருளும் மாறும் என்பதை நமது உரைமரபு நன்கு அறிந்திருந்தது. ஆயின், ஆய்வேட்டின் நடுவே அமைந்த வரைபைக் காணும் அதே மாணவர், "இது யார் கூற்று?" என்று வினவுவதில்லை. எண்களே தம்மைத் தாமே பேசுவதாக எண்ணிவிடுகின்றனர்.

எண்கள் தாமே பேசுவதில்லை. அச்சு எவ்விடத்தில் தொடங்குவது, எவற்றை ஒன்றாகத் தொகுப்பது, எவ்வொழுங்கில் நிரைப்படுத்துவது, எந்நிறத்தை எதற்கு அளிப்பது, எதனை விட்டுவிடுவது என்பன யாவும் யாரோ ஒருவர் செய்த தெரிவுகள். முற்காலத்தில் அத்தெரிவுகளைச் செய்தவரின் பெயர் நமக்குத் தெரிந்திருந்தது. இன்று அவற்றிற் பெரும்பாலானவற்றை மென்பொருள் நமக்காகச் செய்துவிடுகிறது. ஆசிரியன் மறைந்துவிட்டான் என்பது இதன் பொருளன்று. அவனுடைய தெரிவுகள் இயற்கையின் தோற்றத்தைப் பெற்றுவிட்டன என்பதே பொருள். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

வரைபு என்னும் வடிவத்தின் தோற்றத்தை அதன் சமுதாயப் பின்னணியில் வைத்து நோக்குதல் பயனுடையது. 1759இல் ஸ்கொத்லாந்திற் பிறந்த வில்லியம் பிளேபெயர், நீராவி எந்திரத்தாற் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாற்றிடம் படவரைஞராகப் பணிபுரிந்தவர். 1786இல் அவர் வெளியிட்ட வாணிப, அரசியல் வரைபேடு, காலத்தை ஓர் அச்சிலும் பணத்தை மற்றோர் அச்சிலும் நிறுத்தி, இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாக வரைந்து காட்டியது. ஸ்கொத்லாந்தின் வாணிபத்துக்கு ஓராண்டுத் தரவே கிடைத்தமையால், காலக்கோடு வரையவியலாது, நாடுகளைச் சலாகைகளாக நிரைப்படுத்தினார். சலாகை வரைபு இவ்வாறே பிறந்தது. 1801இல் வட்ட வரைபையும் அவரே அறிமுகஞ் செய்தார். கைத்தொழிற் புரட்சியின் எழுச்சிக் காலத்தில், எந்திரப் பட்டறையிற் பயின்ற ஒருவர், வாணிப வர்க்கத்தின் கணக்கேட்டைக் கண்ணுக்குப் புலனாகும் வடிவமாக்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. மேற்கிந்தியத் தீவுகளுடனான வாணிபத்துக்கும் அவர் வரைபு தந்துள்ளார். அக்கோட்டின் ஏற்றத்தாழ்வுகளில் பவுண் தெரிகிறது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகள் தெரிவதில்லை. அவர்கள் அந்த வரைபின் எச்சம்.

எனினும் பிளேபெயரின் தெரிவுகளை நாம் இனங்காண முடிகிறது. 1821ஆம் ஆண்டு வரையான விவரங்களைக் கொண்ட அவரது புகழ்பெற்ற வரைபை எடுத்துக்கொள்வோம். 1565 முதலாகக் கோதுமையின் விலையைச் சலாகைகளாகவும், தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் வாரக்கூலியைக் கோடாகவும் அது காட்டுகிறது. மேற்புறத்தில் முடிமன்னரின் ஆட்சிக்காலங்கள் குறிக்கப்பட்டுள்ளன. உழைப்பின் விலையோடு ஒப்பிடுகையில் கோதுமை தம் காலத்திற்போல் முன்னெப்போதும் மலிவாக இருந்ததில்லை என்பது அவர் நிறுவ முயன்ற கருத்தாகும்.

இவ்வரைபின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். கூற்று பிளேபெயருடையது, அவர் பெயர் நூலின் முகப்பிலேயே உள்ளது. கேட்போர் யார்? விவசாய நெருக்கடி பற்றிய அச்சிறுநூல் பிரபுக்கள் சபைக்கும் பொதுமக்கள் சபைக்கும் முகவரியிடப்பட்டது. காலம், மன்னரின் ஆட்சிகளால் அளக்கப்படுகிறது. கூலிக்கோடு தேர்ந்த கைவினைஞருடையது. வயலில் உழைத்த கூலியாளுடையதன்று. ஒருபுறம் ஒரு 'குவாட்டர்' கோதுமையின் விலை. மறுபுறம் ஒரு வாரத்தின் கூலி. இரண்டும் சிலிங் என்னும் ஒரே அளவிடையில் நிற்கின்றன. ஆயின் வாதத்துக்கு உண்மையில் வேண்டியது, ஒரு வாரக்கூலி எவ்வளவு கோதுமையை வாங்கும் என்னும் விகிதமேயாகும். அந்த விகிதம் வரையப்படவில்லை. வாசகர் அதனைத் தம் மனத்திற் கணித்துக்கொள்ள வேண்டும். கணித்துவிட்டதாக எண்ணி நின்றுவிடுவோரே பலர்.

இவ்வாறு பிளேபெயரோடு நாம் முரண்பட முடிகிறது. முரண்படுவதற்கு ஓர் ஆள் அங்கே நிற்கிறார் என்பதே முக்கியம்.

3

ஒரு வர்க்கத்தின் தேவையிலிருந்து பிறந்த வடிவம் அவ்வர்க்கத்துக்கு மட்டுமே உரியதாகிவிடுவதில்லை. நாவலின் வரலாறு இதனை உணர்த்தும். வரைபின் வரலாறும் அவ்வாறே. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காக டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ், அற்லாண்டாப் பல்கலைக்கழக மாணவருடன் சேர்ந்து, ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களது வாழ்வைப் பற்றி ஏறத்தாழ அறுபது வரைபுகளைக் கையால் வரைந்தளித்தார். அவற்றுள் ஒரு தொகுதி ஜோர்ஜியா மாநிலத்தைப் பற்றியது. நிலவுடைமை, சொத்துப் பெறுமதி, எழுத்தறிவு, தொழில் என்பன அங்கே வரையப்பட்டன. நேர்கோட்டில் அடங்காத நீண்ட சலாகையை அவர் சுருளாகச் சுற்றினார். அழுத்தமான நிறங்களை அருகருகே நிறுத்தினார். ஓர் இனத்தையே தாழ்ந்ததாகக் காட்டுவதற்குப் புள்ளிவிபரம் பயன்பட்ட காலத்தில், அதே கருவியை மறுதலையான கூற்றுக்கு அவர் பயன்படுத்தினார்.

வியன்னாவில் ஒற்றோ நொய்ராத் 1925இல் தொடக்கிய சமூக, பொருளாதார அருங்காட்சியகம் இன்னொரு முயற்சி. தொழிலாளர் தம் வாழ்வை ஆளும் எண்களைத் தாமே வாசிக்க வேண்டும் என்பது அவரது குறிக்கோள். தொகை பெரிதாயின் சின்னத்தைப் பெருப்பிக்கலாகாது, அதே சின்னத்தை மீண்டும் மீண்டும் இடவேண்டும் என்பது அங்கு வகுக்கப்பட்ட விதி. சின்னத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் அகலமும் கூடிப் பரப்பு நான்கு மடங்காகிவிடும் என்பதை எண்ணினால் அவ்விதியின் நேர்மை புலப்படும். ஜேர்ட் ஆர்ன்ற்ஸ் சின்னங்களை வடித்தார். மேரி ரைடமைஸ்டர், புள்ளிவிபரவியலாளருக்கும் ஓவியருக்கும் இடையில் நின்று, எதனை எவ்வாறு காட்டுவது என்று தீர்மானிக்கும் பணியை ஆற்றினார். அப்பணிக்கு அவர்கள் 'உருமாற்றுநர்' என்று பெயரிட்டனர். நமது விவாதத்துக்கு இப்பெயர் பெருமுக்கியத்துவம் உடையது. எண்ணுக்கும் படத்துக்குமிடையே தீர்மானம் ஒன்று உண்டு என்பதையும், அது மனித உழைப்பு என்பதையும் இப்பெயர் ஒப்புக்கொள்கிறது. 1934இல் ஒஸ்திரியாவின் தொழிலாளர் இயக்கம் நசுக்கப்பட்டபோது நொய்ராத்தும் தோழர்களும் ஹேக் நகருக்குப் புலம்பெயர்ந்தனர்.

இம்மரபை வழிபாட்டுப் பொருளாக்குதல் தவறாகும். நொய்ராத்தின் அருங்காட்சியகத்தில் உருமாற்றுநர் கற்பித்தார், தொழிலாளர் கற்றுக்கொண்டனர். அவ்வுறவு ஒருவழிப்பட்டதாகவே பெரும்பாலும் இருந்தது. 1931இல் சோவியத் ஒன்றியத்தில் இம்முறையின் வழியாக அமைக்கப்பட்ட நிறுவனம், ஐந்தாண்டுத் திட்டத்தின் சாதனைகளைப் பறைசாற்றும் கருவியாயிற்று. வடிவம் முற்போக்கானதாயின் கூற்றும் உண்மையாகிவிடும் என்பதில்லை.

4

இனி மென்பொருளுக்கு வருவோம். எக்செல் 1985இல் வெளிவந்தது. அது முதலாக வரைபு வரைதல் படவரைஞரின் கையிலிருந்து எழுதுவினைஞர், மாணவர், அதிகாரி ஆகிய யாவரின் கைக்கும் வந்தது. இது ஒரு சனநாயக விரிவாக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயின் பரவலானது வரையும் ஆற்றலேயன்றித் தீர்மானிக்கும் ஆற்றலன்று. பயன்படுத்துவோர் எதனையும் தெரிவுசெய்யாவிடத்து மென்பொருள் தானே மேற்கொள்ளும் தெரிவுகளை 'இயல்புநிலை' என்கின்றனர். கருத்தியலின் முழுத் தந்திரமும் இச்சொல்லில் அடங்கியுள்ளது. சமுதாயத்தில் மனிதர் செய்ததை இயற்கையில் உள்ளதாகக் காட்டுவதே கருத்தியலின் தொழில்; இங்கே அதன் பெயரே 'இயல்பு'.

சில எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவாக்கும். எக்செல்லில் மிகப்பெரிய எண்ணுக்கும் மிகச்சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, பெரிய எண்ணின் ஆறிலொரு பங்கிலும் குறைவாயின், நிலைக்குத்து அச்சு பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை. 92, 96 என்னும் இரு எண்களைச் சலாகைகளாக வரையப் பணித்தால் அச்சு ஏறத்தாழ 90இலிருந்து எழும். நான்கு அலகு வேறுபாடு மும்மடங்கு வேறுபாடாகக் கண்ணுக்குத் தோன்றும். 75, 96 என்று கொடுத்தாலோ அச்சு பூச்சியத்துக்கு இறங்கிவிடும். சிறிய வேறுபாடு பெரிதாகத் தோன்ற, அதனினும் பெரிய வேறுபாடு அடக்கமாகத் தோன்றும் விந்தை இது. வரைந்தவர் பொய்யுரைக்க எண்ணவில்லை. அவர் எதனையும் எண்ணவில்லை என்பதே இங்குள்ள சிக்கல்.

டாப்ளோ என்னும் மென்பொருளில் எண்கள் கொண்ட ஒரு நிரலை வரைபிற் கொண்டுபோய் வைத்தால், அது இயல்பாகவே கூட்டுத்தொகையைத் தருகிறது. யாரிடம் எவ்வளவு என்று கேட்கப்படுவதன் முன்னரே மொத்தம் எவ்வளவு என்பது விடையாகிவிடுகிறது. பங்கீடு பற்றிய வினா மொத்தம் பற்றிய விடையால் மூடப்படுவது அரசியற் பொருளாதாரத்தில் நாம் நன்கறிந்த சங்கதியே. பைதன் மொழிக்குரிய மட்பிளொட்லிப் என்னும் தொகுதி 2017 வரை வானவில் நிறவரிசையையே இயல்பாகக் கொண்டிருந்தது. தரவில் எல்லை இல்லாத இடத்திலும் மஞ்சளும் சிவப்பும் சந்திக்குமிடம் எல்லைபோலத் தோன்றும். அக்குறை நெடுங்காலம் சுட்டிக்காட்டப்பட்டபின் நிறவரிசை மாற்றப்பட்டது. அதற்கு முன்னர் அச்சிடப்பட்ட எத்தனையோ படங்களில் பொய்யான எல்லைகள் அப்படியே நிற்கின்றன. ஹட்லி விக்கம் ஆக்கிய ஜீஜீபிளொட்-2, பரம்பலை வரைகையில் தரவை முப்பது கூறுகளாகப் பகுத்துவிட்டு, இதனினும் பொருத்தமான அகலத்தை நீரே தெரிவுசெய்க என்று பயனருக்கு அறிவிக்கிறது. தன் தெரிவு தற்காலிகமானது என்று கருவியே ஒப்புக்கொள்ளும் அரிய இடம் இது.

மார்க்ஸ் எந்திரத்தை இறந்த உழைப்பு எனக் கண்டார். மென்பொருளின் இயல்புநிலையும் அவ்வாறானதே. யாரோ சில பொறியியலாளர், பெரும்பாலும் வணிக நிறுவனமொன்றின் தேவைகளை முன்னிட்டு, என்றோ செய்த தீர்மானங்கள் அதில் உறைந்து கிடக்கின்றன. ரைடமைஸ்டர் உயிரோடு நின்று ஆற்றிய பணியை இன்று உறைந்துபோன உருமாற்றுநர் ஆற்றுகிறார். அவரோடு விவாதிக்க முடியாது. அவர் இருப்பதே பலருக்குத் தெரியாது.

இத்துறையின் அறிஞர்கள் இதனை அறியாதவரல்லர். ஜாக் பெர்ற்றன் 1967இல் வரைபியலின் குறியியலை எழுதினார். எட்வேட் ரஃப்ரி 1983இல் வெளியிட்ட நூலில் வீண் அலங்காரத்தையும் திரிபுபட்ட அளவிடையையும் கடுமையாகக் கண்டித்தார். லீலண்ட் வில்கின்சன் 1999இல் வரைபுகளுக்கு ஓர் இலக்கணமே வகுத்தார். விக்கமின் ஆக்கம் அவ்வழி வந்தது. இவர்களது பணி பெறுமதி வாய்ந்தது. எனினும் இது பெரும்பாலும் உருவவாத எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இலக்கணம் வாக்கியம் வழுவற்றதா என்று சொல்லும். அவ்வாக்கியத்தை யார், யாருக்கு, எதன்பொருட்டுச் சொல்கின்றனர் என்று சொல்லாது. அலங்காரமற்ற, அளவிடை பிசகாத வரைபும் ஒரு வர்க்கத்தின் கூற்றாக இருக்கக்கூடும்.

நிரைப்படுத்தல் என்னும் சிறு தெரிவும் எத்துணைப் பாரதூரமானது என்பதற்கு 2020 மே மாதம் ஒரு சான்று கிடைத்தது. டு போய்ஸ் வரைந்த அதே ஜோர்ஜியாவின் பொதுச்சுகாதாரத் திணைக்களம், கொவிட் தொற்று மிகுந்த ஐந்து மாவட்டங்களைச் சலாகைகளாகக் காட்டிய வரைபொன்றில், நாட்கள் காலவரிசையில் அமையவில்லை; மாவட்டங்களின் ஒழுங்கும் நாளுக்கு நாள் மாறியது. சலாகைகள் இடமிருந்து வலமாக இறங்கிச் சென்றமையால் தொற்றுத் தணிவதாகவே தோன்றியது. கண்டனம் எழுந்தபின் வரைபு திருத்தப்பட்டு, வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. ஒவ்வோர் எண்ணும் சரியாக இருப்பினும் கூற்றுப் பிழைபடலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

5

இவ்வினா நமது நாட்டு ஆய்வுகளுக்கும் நேரடியாகப் பொருந்தும். வீட்டு வருமான செலவின அளவீட்டின்படி 2016இல் இலங்கையின் வறுமைத் தலைக்கணக்கு 4.1 சதவீதம். நகரத்துறையில் அது 1.9, கிராமத்துறையில் 4.3, தோட்டத்துறையில் 8.8. நாட்டுக்கு ஒரு சலாகை என்று வரைந்தால் மலையகம் அதனுள் கரைந்துவிடும். தோட்டத்துறையின் சனத்தொகை சிறிதாகையால் சராசரியை அது அசைப்பதேயில்லை. 2019ஆம் ஆண்டு அளவீட்டின்படி நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். 2016க்கும் 2019க்கும் உரிய இரு புள்ளிகளையும் மென்பொருளிடம் கொடுத்தால் அது கேள்வியின்றி ஒரு கோட்டால் இணைத்துவிடும். மூன்றாண்டில் வறுமை மும்மடங்கானதாக ஒரு கதை பிறக்கும். உண்மையில் இடையே வறுமைக்கோடே மாற்றியமைக்கப்பட்டது. வெவ்வேறு கோல்களால் அளக்கப்பட்ட இரு எண்களுக்கு இடையே கோடு வரைவது இலக்கணப் பிழையன்று, அது பொய்க்கூற்று.

'தோட்டத்துறை' என்னும் வகைப்பாடும் வினாவுக்குரியதே. இருபது ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடையதாய், பத்துப் பேரோ அதற்கு மேலோ வதியும் தொழிலாளரைக் கொண்ட பெருந்தோட்டமே அவ்வகையுள் அடங்கும். தோட்டத்திலிருந்து வெளியேறி அயற்கிராமத்தில் குடியேறிய குடும்பம் மறுநாள் கிராமத்துறையின் சலாகைக்குள் சென்றுவிடுகிறது. அதன் வரலாறும் வறுமையும் கூடவே சென்றாலும், வரைபில் அவை காணப்படா.

கூலி பற்றிய வரைபு பிளேபெயரை மீண்டும் நினைவூட்டும். 2021 மார்ச்சில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. 2024 வரை அது திருத்தப்படவில்லை. இதனை ரூபாவில் வரைந்தால் கிடைப்பது ஒரு கிடைக்கோடு. கிடைக்கோட்டைக் கண் 'நிலையானது' என்று வாசிக்கும். ஆயின் 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் ஆண்டுக்காண்டு அடிப்படையில் 94.9 சதவீதமாயிருந்தது. அதே கூலியை அது வாங்கக்கூடிய உணவாக வரைந்தால் அக்கோடு கிடையாக நில்லாது, செங்குத்தாகச் சரியும். ரூபாவா, உணவா என்று அச்சைத் தெரிவுசெய்யும் அக்கணத்திலேயே, முதலாளியின் கணக்கேட்டிலிருந்து பேசுவதா, லயத்தின் அடுப்படியிலிருந்து பேசுவதா என்பது தீர்மானமாகிவிடுகிறது. பிளேபெயர் வரையாமல் விட்ட விகிதம் இருநூறு ஆண்டுகளின் பின்னரும் அதே இடத்தில் விடுபட்டு நிற்கிறது.

6

இவ்விடத்தில் இரு தவறான முடிவுகளைத் தவிர்த்தல் வேண்டும். எல்லா அச்சும் பூச்சியத்திலேயே தொடங்கவேண்டும் என்று விதி வகுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது முதலாவது. நோயாளியின் உடல்வெப்பத்தைப் பூச்சியம் பாகையிலிருந்து வரைந்தால் 37க்கும் 40க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. காய்ச்சல் மறைந்துவிடும், நோயாளி மறைவது பின்னர் நிகழும். பொருளை நோக்காத விதி எதுவும் நேர்மைக்கு உத்தரவாதமாகாது. எல்லா வரைபும் யாரோ ஒருவரின் கூற்றே, ஆகவே எல்லாம் சமம், உண்மை என்று ஒன்றில்லை என்பது இரண்டாவது. இது முற்போக்கான நிலைப்பாடுபோலத் தோன்றினும் ஆளுவோருக்கே வாய்ப்பானது. அரிசியின் விலை ஏறியது உண்மை. கூலி ஏறாதிருந்ததும் உண்மை. கூற்று எதுவென அறிய முயல்வது உண்மையைக் கைவிடுவதற்காகவன்று, உண்மைக்கு அண்மையில் நிற்கும் கூற்றைத் தெரிந்துகொள்வதற்காகவேயாம்.

ஆகவே ஆய்வேடுகளில் வரைபுகளை இடும் மாணவரிடம் நாம் வேண்டுவது அதிகமன்று. அச்சின் தொடக்கத்தைத் தாமே தீர்மானித்து அதற்குக் காரணமும் கூறுக. கூட்டுத்தொகையா, சராசரியா, பரம்பலா என்பதைத் தெரிந்தே தெரிவுசெய்க. வகைப்பாட்டை ஆக்கியவர் யார் என்று குறிப்பிடுக. அளவுகோல் மாறிய இடத்திற் கோட்டை முறித்துக் காட்டுக. மூல எண்களை அருகிலேயே அட்டவணையாகத் தருக. இவற்றை மாற்றுவதற்குரிய வசதிகள் மேற்கூறிய மென்பொருள்கள் யாவற்றிலும் உள்ளன. அவற்றைத் திறந்து பார்க்கும் வழக்கமே நம்மிடம் இல்லை. ஆய்வேட்டைப் பரிசீலிப்போரும் மொழிப்பிழையைச் சுட்டுவதுபோல இவற்றையும் சுட்டவேண்டும். பாடலின் அடியில் 'தோழி கூற்று' என்று துறைக்குறிப்பு எழுதிவைத்த மரபுக்கு உரியவர்கள் நாம். வரைபின் அடியிலும் அத்தகைய குறிப்பொன்றை எழுதத் தொடங்கினால், எண்களின் பின்னே மறைந்து நிற்பவரோடு நேர்நின்று வாதாடும் உரிமை வாசகருக்குக் கிடைக்கும்.